ஆர்க்குவாவில் நான்கு இலையுதிர்காலங்கள்

பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்கு உலகம் வயது வகுத்துள்ளது. கவிதையிலிருந்து ஓய்வு பெறுவதற்கும் அவ்வாறு ஒரு வயது உண்டா? நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் இவ்வினாவை எழுப்புவது பொருத்தமுடையது எனக் கருதுகிறேன். நம்முள் சிலர் பணி நிறைவு எய்தியவர். பலர் அதனை எதிர்நோக்கி நிற்பவர். இனி எழுதியது போதும் என்று அன்பின் மிகுதியால் அறிவுரை கூறும் உறவினரும் நண்பரும் நம் எல்லோருக்கும் உண்டு.

ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன்பு இத்தாலி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இதே வினா எழுந்தது. வினவியவர் 'தெக்கமெரோன்' என்னும் கதைத் தொகுதியைப் படைத்த பொக்காச்சியோ. விடை பகர்ந்தவர் ஐரோப்பியத் தன்னுணர்ச்சிக் கவிதைக்குப் புதுவழி வகுத்த பெத்ரார்க்கா. அவ்விடை எத்தகையது, அதன்படி அவர் எவ்வாறு வாழ்ந்து முடித்தார், அவ்வாழ்வைத் தாங்கி நின்றவர் யாவர் என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலைந்த வாழ்வு

பெத்ரார்க்கா 1304ஆம் ஆண்டு சூலை 20ஆம் நாள் அரேசோ நகரில் பிறந்தார். அவர் தந்தை பிளாரன்சு நகரின் ஆவண எழுத்தர். தாந்தேயை நாடு கடத்திய அதே 1302ஆம் ஆண்டின் அரசியல் பூசல் அவரையும் நகரைவிட்டு வெளியேற்றியது. ஆகவே பெத்ரார்க்கா ஊரின்றிப் பிறந்தவர் எனலாம். இளமை பிரான்சின் தென்பகுதியிலுள்ள அவிஞ்ஞோன் நகர்ப்புறத்தில் கழிந்தது. தந்தையின் விருப்பப்படி மோன்பெலியேயிலும் பொலோனியாவிலும் சட்டம் பயின்றார். தந்தை மறைந்ததும் அதனைக் கைவிட்டார். 1327ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அவிஞ்ஞோன் தேவாலயம் ஒன்றில் இலாராவைக் கண்டதாக அவரே குறித்து வைத்தார். 1341இல் உரோமாபுரியின் கபிதோலியக் குன்றில் புகழ்முடி சூட்டப்பெற்றார். 1348ஆம் ஆண்டின் பெருங்கொள்ளைநோயில் இலாரா மறைந்தார்.

பின்னர் மிலான் நகரில் எட்டாண்டுகள், பதுவாவிலும் வெனிசு நகரிலும் சில ஆண்டுகள் என அவர் வாழ்வு அலைந்தது. வெனிசு அரசு அவருக்குக் கடலை நோக்கிய மாளிகையொன்றை வழங்கியது. ஈடாக அவர் தம் நூல்தொகுதியை அந்நகருக்கு அளிப்பதாக 1362இல் ஒப்பினார். ஆயினும் அந்நகரும் அவருக்கு நிலைக்கவில்லை. அரிசுடாட்டிலே முடிந்த முடிபு எனக் கொண்ட இளைஞர் நால்வர், பெத்ரார்க்கா நல்லவர்தாம், ஆனால் கல்வியில்லாதவர் எனத் தீர்ப்புரைத்தனர். அறுபதைக் கடந்த பெரும்புலவரை அது சுட்டது. தம்முடைய அறியாமையையும் பிறருடைய அறியாமையையும் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார். மூத்தவரைக் காலாவதியானவர் என இளையவர் ஒதுக்குவதும், ஒதுக்கப்பட்டவர் வெகுண்டு எழுதுவதும் நம் காலத்தில் மட்டும் நிகழ்வன அல்ல.

ஊரும் வீடும்

பதுவாவின் ஆட்சியாளர் பிரான்செஸ்கோ தா கர்ராரா, 1369இல் அவருக்கு ஆர்க்குவா என்னும் ஊரில் நிலம் அளித்தார். பதுவாவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், யூகேனிய மலைகளின் சரிவில் அவ்வூர் அமைந்துள்ளது. இம்மலைகள் பழைய எரிமலைச் செயலால் விளைந்தவை. மிக உயர்ந்த சிகரமும் 600 மீட்டர் அளவினதே. அடிவாரத்தில் வெந்நீரூற்றுகள் உண்டு. சரிவுகளில் திராட்சையும் ஒலிவமும் விளைகின்றன. தேம்பாவணி தந்த வீரமாமுனிவர் பிறந்த காஸ்திலியோனே நகரும் இதே வட இத்தாலிப் பகுதியைச் சார்ந்தது என்பதை நினைவிற் கொண்டால் இந்நிலம் நமக்குச் சற்று அணுக்கமாகும். ஆர்க்குவாவுக்கு இன்றும் பெயர் தரும் கனி, நம் இலந்தையின் நெருங்கிய இனமான கனி. அக்டோபர் மாதத்தில் அதற்கென ஊரார் விழாவே எடுக்கின்றனர்.

அங்கிருந்த வீட்டைத் தம் விருப்பத்திற்கேற்பப் புதுக்கி, 1370இல் பெத்ரார்க்கா அதில் குடியேறினார். சிறியது, எனினும் அழகியது; அடக்கமான குடும்பத்திற்குப் போதுமான ஒலிவத் தோப்பும் திராட்சைத் தோட்டமும் உண்டு; உடல் நலிந்தாலும் உள்ளம் அமைதியாக உள்ளது என்ற கருத்தில் அவர் எழுதினார். தோட்டக்கலை அவருக்கு வெறும் பொழுதுபோக்கன்று. பல்லாதியுசு என்னும் உரோமானியர் எழுதிய வேளாண்மை நூலின் தம் படியில், எந்நாளில் எதனை நட்டோம், எது பிழைத்தது, எது பட்டுப்போயிற்று எனப் பல ஆண்டுகளாகக் குறித்து வைத்தவர் அவர்.

1370 முதல் 1373 வரை நான்கு இலையுதிர்காலங்கள் அவருக்கு அவ்வூரோடு வாய்த்தன. செப்டம்பரில் திராட்சை பறிப்பு, அதன்பின் பிழிவு, குளிர் இறங்குமுன் ஒலிவம் என அப்பருவம் உழவர்க்கு ஓய்வில்லாக் காலமாகும். அதே பருவம் அம்முதியவருக்கும் ஓய்வில்லாக் காலமாகவே அமைந்தது.

நோயும் உயிலும்

1370ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், போப்பாண்டவர் ஐந்தாம் உர்பானின் அழைப்பை ஏற்று உரோமாபுரிக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் ஏப்ரல் 4ஆம் நாள் உயில் எழுதினார். பெராரா நகரை அடைந்தபோது உணர்விழந்து வீழ்ந்தார். இறந்துவிட்டார் என்ற செய்தியும் பரவிற்று. உயிர் மீண்டது, பயணம் முறிந்தது.

அவ்வுயில் படிக்கத்தக்கது. ஜோத்தோ தீட்டிய கன்னிமரியின் ஓவியம் பதுவா ஆட்சியாளருக்கு. யாழ் போன்ற தம் நரம்பிசைக் கருவி பெராரா நண்பருக்கு. 50 பொற்காசுகள் பொக்காச்சியோவுக்கு; இரவில் கற்கும்போதும் எழுதும்போதும் குளிர் தாங்க ஓர் உடை வாங்கிக்கொள்வதற்காக! இத்துணைப் பெரியவருக்கு இவ்வளவு சிறிய தொகையைத் தருவதற்கு அவர் நாணவும் செய்தார். எழுதுபவனின் வறுமையை எழுதுபவனே அறிவான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அவருடைய மருத்துவ நண்பர் ஜொவான்னி தொந்தி. கோள்களின் இயக்கத்தைக் காட்டும் வியத்தகு கடிகாரத்தை 1364இல் செய்து முடித்தவர் இவர். பழங்களை உண்ணாதீர், வெறுந்தண்ணீர் பருகாதீர், உண்ணா நோன்பை விடுங்கள் என அவர் அறிவுறுத்தினார். பெத்ரார்க்கா நீண்ட மறுப்பெழுதினார்; நண்பரைப் போற்றினார், மருத்துவத்தை ஐயுற்றார், பழத்தையும் தண்ணீரையும் விடவில்லை. அறிவுரைகளை அன்போடு கேட்டுத் தம் வழியே செல்லும் இவ்வியல்பு அடுத்து வரும் செய்திக்கும் முன்னுரையாகும்.

நண்பரின் அறிவுரை

1372ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் வெனிசுக்கும் பதுவாவுக்கும் எல்லைப் போர் மூண்டது. மலையடி ஊர்கள் அச்சத்திற்குள்ளாயின. நவம்பரில் அவர் நூல்களை எடுத்துக்கொண்டு பதுவா நகர்ச் சுவருக்குள் அடைக்கலம் புகுந்தார். 1373 ஏப்ரலில் பொக்காச்சியோவுக்கு எழுதிய மறுமொழி அந்நகரிலிருந்தே சென்றது.

பொக்காச்சியோவின் வாதம் எளிது. உங்கள் புகழ் உலகெங்கும் பரவிவிட்டது. வயதும் ஆயிற்று, நோயும் உண்டு. இனி உழைப்பை நிறுத்தி இளைப்பாறுங்கள் என்பது அதன் சாரம். அதனைச் சொன்னவரும் வறுமையாலும் நோயாலும் தளர்ந்தவரே. பெத்ரார்க்காவின் மறுப்பு மூன்று நிலைகளை உடையது எனலாம். முதலாவது, உழைப்பு தமக்குச் சுமையன்று, உணவு. அது நின்றால் உயிரும் நிற்கும். இரண்டாவது, மூத்தோர் அனைத்தையும் சொல்லிவிட்டனர் என்பது பிழை. பின்வருவோருக்கும் சொல்ல இடமுண்டு. மூன்றாவது, சாவு வருங்கால் தாம் படித்துக்கொண்டோ எழுதிக்கொண்டோ இருத்தல் வேண்டும். இறைவன் திருவுள்ளம் வேறாயின், வழிபட்டுக்கொண்டு இருத்தல் வேண்டும்.

இது வெறும் பேச்சன்று என்பதற்கு அவருடைய நாட்களே சான்று. எனினும் வரலாற்று மாணவர் ஒன்றை மறத்தல் ஆகாது. நாம் அறியும் பெத்ரார்க்கா பெரும்பாலும் தம்மால் எழுதப்பட்ட பெத்ரார்க்கா. தம் கடிதங்களைத் தாமே தொகுத்து, திருத்தி, வரிசைப்படுத்தியவர் அவர். வருங்காலத்தாரை நோக்கியே ஒரு கடிதம் எழுதித் தம் வரலாற்றைச் சொல்லத் தொடங்கி, முடிக்காமல் விட்டார். ஆகவே கடிதம் கூறும் அமைதியை வேறு சான்றுகளோடு ஒப்பிட்டே கொள்ள வேண்டும்.

1373ஆம் ஆண்டின் இலையுதிர்காலம்

அவ்வாறு ஒப்பிட உதவுவது அவருடைய இறுதி இலையுதிர்காலம். செப்டம்பரில் போர் ஓய்ந்தது, பதுவா தோற்றது. ஆட்சியாளரின் மகன் வெனிசு சென்று பணிந்து நிற்க வேண்டியதாயிற்று. உடன் சென்று அவைக்களத்தில் உரையாற்றும் பொறுப்பு, 69 வயதான நம் 'ஓய்வு பெற்ற' புலவர் மீது விழுந்தது. நலிந்த உடலோடு சென்றார், உரையாற்றினார், திரும்பினார்.

திரும்பி வந்து நவம்பர் 28ஆம் நாள், தம் புரவலரான பதுவா ஆட்சியாளருக்கு ஒரு நீண்ட கடிதம் வரைந்தார். நல்லாட்சி எத்தகையது என்பதே அதன் பொருள். குடிகள் அஞ்சும்படி ஆளாதீர்; அன்பு கொள்ளும்படி ஆள்வீர்; தந்தையைப் போல் இருப்பீர் என்கிறார். இந்த அளவில் அது பழைய அறநூல்களின் எதிரொலியே. ஆனால் கடிதம் அங்கு நிற்கவில்லை, தெருவுக்கு இறங்குகிறது. பதுவாவின் வீதிகளில் பன்றிகள் மேய்ந்து நிலத்தைக் கிளறுகின்றன, அதனைத் தடுப்பீர் என்கிறார். சாலைகளைச் செப்பனிடுவீர் என்கிறார். மலைகளைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களை வடித்து உழவுக்குக் கொண்டுவருவீர். அதற்காகும் செலவில் என் பங்கையும் தருவேன் என்கிறார். நில நன்கொடை பெற்ற புலவர், நன்கொடை தந்தவரிடம் ஊர்ப்பணிக்குத் தம் பணத்தை நீட்டுகிறார்!

இதே இத்தாலியில், 140 ஆண்டுகளுக்குப் பின் இன்னொருவர் நாட்டுப்புறத்தில் ஒதுங்கினார். பதவி பறிக்கப்பட்டு, சிறையில் வதைக்கப்பட்டு, பிளாரன்சுக்கு அருகிலுள்ள தம் பண்ணையில் 1513ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தைக் கழித்த மாக்கியவெல்லி அவர். அவ்வாண்டு டிசம்பர் 10ஆம் நாள் எழுதிய கடிதத்தில், ஆட்சியாளரைப் பற்றிச் சிறு நூல் ஒன்று இயற்றியதை நண்பருக்குத் தெரிவித்தார். அன்பும் அச்சமும் ஒருங்கே வாய்க்காதெனின், அஞ்சப்படுதலே ஆட்சியாளனுக்குப் பாதுகாப்பு என்பது அந்நூலின் முடிபு. ஒரே நாட்டின் இரு இலையுதிர்காலங்கள் இரு வேறு முடிபுகளைத் தந்தன. ஒருவர் தாமே விலகியவர், மற்றவர் விலக்கப்பட்டவர். ஒதுங்கியிருந்து அரசைப் பார்த்த இருவரின் பார்வையும் அவரவர் ஒதுங்கிய வகையால் வேறுபட்டது போலும்.

பேசப்படாத மகள்

தனிமையைப் போற்றி முழு நூலொன்றை எழுதியவர் பெத்ரார்க்கா. ஆனால் ஆர்க்குவா வீட்டில் அவர் தனியாக இருந்தாரல்லர். மகள் பிரான்செஸ்கா, மருமகன் பிரான்செஸ்குவோலோ, பேத்தி எலெத்தா ஆகியோரும் பணியாளரும் உடனிருந்தனர். திருச்சபைப் பதவி வகித்தமையால் அவர் மணம் புரியவில்லை. பிரான்செஸ்கா 1343இல் பிறந்தவர். அவருடைய தாயின் பெயரைப் பெத்ரார்க்கா எங்கும் எழுதவில்லை. ஒரே மகன் 1361ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் மாண்டான். அவர் மிக நேசித்த பேரன் 1368இல் குழந்தையாகவே இறந்தான்.

நூற்றுக்கணக்கான கடிதங்களில் நண்பர்கள் வாழ்கிறார்கள். சிசரோவும் ஓமரும்கூடக் கடிதம் பெறுகிறார்கள். முதுமையில் சோறிட்டு, நோயிற் காத்து, வீட்டை நடத்திய மகளின் குரல் அவற்றில் கேட்பதில்லை. அவரை ஓரளவு உயிரோடு காட்டுபவர் பொக்காச்சியோவே. 1367இல் அவர் வெனிசு சென்றபோது பெத்ரார்க்கா ஊரில் இல்லை. பிரான்செஸ்கா அவரைத் தந்தையைப் போல் வரவேற்றார். ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி அவ்வீட்டில் தங்க மறுத்த பொக்காச்சியோ, ஓடிவந்த சிறுமி எலெத்தாவைக் கண்டதும் தாம் இழந்த மகளை நினைந்து கண்கலங்கினார்.

இப்பின்னணியில் மற்றொன்றும் எண்ணத்தக்கது. பெத்ரார்க்கா 1373இல் இலத்தீனில் பெயர்த்தெழுதியது 'தெக்கமெரோ'னின் இறுதிக் கதை. கணவன் எத்துணைக் கொடுமை செய்யினும் பொறுக்கும் கிரிசெல்தாவின் கதை அது. பெண்கள் அவளைப் பின்பற்ற வேண்டும் என்பது தம் கருத்தன்று, மாந்தர் அனைவரும் இறைவன்பால் அவ்வுறுதி கொள்ள வேண்டும் என்பதே கருத்து என அவர் விளக்கம் தந்தார். பதுவா நண்பர் ஒருவர் அதனைப் படிக்கத் தொடங்கி அழுகையால் நிறுத்தினார் என்றும், வெரோனா நண்பர் ஒருவர் இத்தகைய பெண் இருத்தல் இயலாது எனக் கண்ணீரின்றி முடித்தார் என்றும் அவரே எழுதினார். பின்னர் ஆங்கிலக் கவிஞர் சாசர் அப்பெயர்ப்பை அடியொற்றித் தம் கதையை அமைத்தார். பொறுமையின் உருவமாகிய பெண்ணை முதியவர் மாடியில் எழுதிக்கொண்டிருந்த வேளையில், கீழே அடுப்பையும் கணக்கையும் பார்த்துக்கொண்டிருந்த பெண் என்ன எண்ணியிருப்பார் என்பதை ஆவணங்கள் சொல்லவில்லை. ஓய்வு என்பது ஒருவருக்கு வாய்க்க மற்றொருவர் ஓயாதிருத்தல் வேண்டும். இலக்கிய வரலாறு இதனையும் கணக்கில் கொள்ளுதல் முறையாகும்.

பிரான்செஸ்கா 1384இல் மறைந்து திரெவீசோ நகரின் புனித பிரான்சிசு ஆலயத்தில் அடக்கமானார். தாந்தேயின் மகன் பியெத்ரோவின் கல்லறையும் அவ்வாலயத்திலேயே உள்ளது. ஊரிழந்த இரு புலவர்களின் மக்கள் ஒரே கூரையின்கீழ் உறங்குகின்றனர்.

முடியாத திருத்தம்

பெத்ரார்க்கா நிலையான புகழை இலத்தீன் நூல்களிடம் எதிர்பார்த்தார். தாய்மொழியில் எழுதிய பாடல்களை அற்பமானவை என்றே குறிப்பிட்டார். ஆனால் கைகள் வேறு சாட்சி சொல்கின்றன. 317 சானெட்டுகள் உள்ளிட்ட 366 தாய்மொழிப் பாடல்கள் கொண்ட தொகுதியை அவர் இறுதிவரை விடவில்லை. படியெடுத்த இளைஞர் 1367இல் பணியிலிருந்து விலகியபின், எஞ்சியவற்றைத் தம் கையாலேயே எழுதிச் சேர்த்தார். இறுதிக் காலத்தில், கடைசி 31 பாடல்களின் வரிசையை மாற்றி ஓரத்தில் புதிய எண்களை இட்டார். வத்திக்கான் நூலகத்தில் அவ்வேடு இன்றும் உள்ளது. திருத்தத் தாள்களும் கிடைத்துள்ளன. எந்நாள், எவ்வேளையில் எச்சொல்லை மாற்றினார் என்ற குறிப்புகளை அவற்றில் காணலாம். 1327இல் கண்ட ஒரு முகத்திற்கு 1374இலும் சொல் தேடிக்கொண்டிருந்தார்! 'நிலைபேற்றின் வெற்றி' என்னும் தாய்மொழிப் பாடலை 1374ஆம் ஆண்டு சனவரியில் எழுதினார். அப்போது அவருக்கு ஆறு மாதங்களே எஞ்சியிருந்தன.

ஐந்தாவது இலையுதிர்காலம்

எல்லைக் காவலர் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பதும் தடுத்து வைப்பதும் அக்காலத்தில் வழக்கமாயிற்று. கிரிசெல்தாக் கதையைத் தாங்கிய கடிதமும் பொக்காச்சியோவை எட்டவில்லை. சலிப்புற்ற முதியவர் 1374 சூன் மாதத்தில், நண்பர்களுக்கும் கடிதங்களுக்கும் ஒருசேர விடைகூறித் தம் கடிதத் தொகுதியை முடித்தார். சூலை 18ஆம் நாள் இரவுக்கும் மறுநாள் விடியலுக்கும் இடையே, எழுபது நிறைய ஒருநாளே இருக்கையில், உயிர் நீத்தார். திறந்த ஏட்டின்மீது தலை சாய்ந்தபடி காணப்பட்டார் என்பது வழிவழி வந்த செய்தி. மெய்யாயினும் புனைவாயினும், அவர் கேட்ட சாவை மக்கள் அவருக்கு வழங்கிவிட்டனர்.

அவ்வாண்டின் இலையுதிர்காலம் அவரின்றி வந்தது. நவம்பர் 3ஆம் நாள் நோயுற்ற பொக்காச்சியோ, மருமகனுக்குக் கடிதம் எழுதினார். பெயரறியாச் சிற்றூராகிய ஆர்க்குவா இனி உலகறிய விளங்கும். தன் மகனைப் போற்றத் தவறிய பிளாரன்சு நாணும். அதிரியக் கடலில் மீளும் மாலுமி தொலைவில் அம்மலைகளைக் கண்டு, அங்கு உறங்குபவரை எண்ணி வணங்குவான் எனப் பொருள்பட எழுதினார். உடைக்கான பொற்காசுகளுக்கு நன்றி கூறினார். தமக்கு வந்துசேராத கிரிசெல்தாக் கதையின் படியைக் கேட்டார். 1375 டிசம்பர் 21ஆம் நாள் அவரும் மறைந்தார்.

நூல்கள் வெனிசுக்குச் செல்லவில்லை. பதுவா ஆட்சியாளரிடம் இருந்தவற்றுள் பல, அந்நகர் 1388இல் வீழ்ந்தபோது பாவியாவுக்குச் சென்றன. பின்னர் பிரெஞ்சு அரசர் பன்னிரண்டாம் லூயி அவற்றைத் தம் நாட்டிற்குக் கொண்டுபோனார். 1380இல் மருமகன் எழுப்பிய செந்நிறச் சலவைக்கல் கல்லறை 1630இல் உடைக்கப்பட்டு, கை எலும்புகள் களவு போயின. 2003இல் அறிஞர் திறந்து ஆராய்ந்தபோது, உள்ளிருந்த தலையோடு அவருடையதன்று, ஒரு பெண்ணுடையது எனத் தெரியவந்தது. ஊர் மட்டும் அவர் பெயரைச் சேர்த்து 1868 முதல் ஆர்க்குவா பெத்ரார்க்கா என வழங்குகிறது.

வாக்களித்த நூலகம் சிதறியது. எழுதிய கையும் சிந்தித்த தலையும் கல்லறையில் இல்லை. ஓரத்தில் எண் மாற்றப்பட்ட அந்த ஏடு மட்டும் இருக்கிறது. அவர் அற்பமெனக் கூறியதும், கைவிடாது திருத்தியதும் அதுவே. பொக்காச்சியோவின் அறிவுரையை அவர் ஏற்றிருந்தால் அவருக்குச் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். நமக்கு அவ்வேடு இன்றைய வடிவில் கிடைத்திராது.

பத்தாண்டுகளாக நாம் ஒருவர் கவிதையை ஒருவர் கேட்டுத் திருத்தி வருகிறோம். பணி நிறைவு நம்முள் ஒவ்வொருவருக்கும் வரும். அந்நாளில் நண்பர் ஒருவர் வந்து, இனி இளைப்பாறுங்கள் என்பார்; அன்போடு கேட்போம். பின்னர், வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவரையும் இரண்டு நாழிகை அமரச் செய்து, நேற்று விட்ட வரியிலிருந்து தொடங்குவோம்.